ரத்தம் எடுக்குறதுக்கு முன்னாடி: சுங்குவார்சத்திரத்துல ஒரு புராஸ்டேட் முகாம்

[ஒலி வடிவத்தில் வெளியான எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். பேச்சுநடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.]

இன்னைக்குப் பேசப்போறது ஆண்கள் சம்பந்தப்பட்ட விஷயம். ஆனா பெண்களும் கேளுங்க. நம்ம வீடுகள்ல ஆம்பளைங்களை டாக்டர்கிட்ட இழுத்துட்டு வர்றது பெரும்பாலும் நீங்கதான்.

நான் சுங்குவார்சத்திரத்துல, வாலாஜாபாத் ரோடு பக்கமா, இருபது வருஷமா ஒரு சின்ன கிளினிக் வெச்சிருக்கேன். பொது மருத்துவர். புற்றுநோய் நிபுணர் இல்லை. அதை முதல்லயே சொல்லிடறேன்.

இந்த ஊரைப் பத்தி வெளியில பேசுறவங்க எல்லாம் கம்பெனிகளைப் பத்தித்தான் பேசுவாங்க. விடியக்காலையில வரிசையா போற கம்பெனி பஸ், ஹாஸ்டல்ல தங்கியிருக்கிற பொண்ணுங்க, வடக்கேயிருந்து வந்த பசங்க. உண்மைதான், லைன்ல நிக்கிறவங்க எல்லாம் இளவட்டம். ஆனா அதே கம்பெனி கேட்ல யார் நிக்கிறாங்கன்னு பாருங்க. அம்பத்தஞ்சு, அறுபது வயசு ஆளுங்க. ஒரு காலத்துல இந்த ஏரித்தண்ணியில நெல் போட்டவங்க. நிலம் போச்சு, இப்ப காக்கிச் சட்டை, விசில், பன்னிரண்டு மணி நேரம் டியூட்டி. புராஸ்டேட் பிரச்சினை வர்ற வயசு அது. என் கிளினிக்குக்கு வர்றவங்களும் அவங்கதான்.

கொஞ்ச நாள் முன்னாடி ஒரு தம்பி வந்தார். ஊர் இளைஞர் சங்கத்துல முக்கியமானவர். லேபர் கான்ட்ராக்ட் எடுத்துப் பண்றார். "சார், அப்பா நினைவு நாளுக்கு ஒரு கேம்ப் போடலாம்னு இருக்கோம். புராஸ்டேட் கேன்சர் டெஸ்ட். இருநூறு பேருக்கு ஃப்ரீ. லேப்ல பேசிட்டேன், ரத்தம் எடுத்து ரெண்டு நாள்ல ரிப்போர்ட் குடுத்துடுவாங்க. நீங்க டாக்டரா வந்து உட்கார்ந்தா போதும்" அப்படின்னார்.

நல்ல மனசு. நல்ல காரியம். ஆனா எனக்குச் சரின்னு சொல்ல வாய் வரலை. அது ஏன்னு சொல்றதுக்கு ரெண்டு பேர் கதையைச் சொல்லணும். ரெண்டு பேரும் என் நோயாளிகள். ரெண்டு பேர் விஷயத்துலயும் என் மேல தப்பு இருக்கு. அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

முதல் ஆள், அந்தத் தம்பியோட அப்பாவே. அவர்கிட்ட அனுமதி வாங்கித்தான் சொல்றேன். பெரியவருக்கு அப்போ அறுபத்திரண்டு. இடுப்பு வலின்னு வந்தார். வாட்ச்மேன் வேலை, ராத்திரி பூரா பிளாஸ்டிக் நாற்காலி. நான் வலி ஊசி போட்டு அனுப்பினேன். அடுத்த மாசம் மறுபடி வந்தார். மறுபடி ஊசி, மாத்திரை. மூணாவது தடவை வரும்போதுதான் "ராத்திரி படுத்தா வலி அதிகமாகுதா? ஒண்ணுக்குப் போறது எப்படி?"ன்னு கேட்டேன். "அது ஒரு வருஷமாவே சரியில்ல டாக்டர், வயசாச்சில்ல"ன்னார். பி.எஸ்.ஏ. பார்த்தோம். நூறுக்கு மேல. நோய் முதுகெலும்புக்குப் போயிருந்தது. அதுக்கப்புறம் கால் பலம் போச்சு. ரெண்டரை வருஷம் இருந்தார்.

ரெண்டாவது ஆள். இது அதுக்கும் முன்னாடி. இதே மாதிரி ஒரு இலவச முகாம். நான்தான் டாக்டரா உட்கார்ந்தேன். நூத்திச் சொச்சம் பேருக்கு ரத்தம் எடுத்தாங்க. பத்துப் பன்னிரண்டு பேருக்கு அளவு கூடுதல்னு வந்தது. ஆளுக்கு ஒரு கவர் குடுத்து, "பெரிய ஆஸ்பத்திரியில காட்டுங்க"ன்னு சொல்லி முகாமை முடிச்சுட்டோம். அதுல ஒருத்தருக்கு எழுபத்தொண்ணு வயசு. எந்தத் தொந்தரவும் இல்லாதவர். பி.எஸ்.ஏ. ஆறரை. சிட்டியில பயாப்ஸி பண்ணாங்க. மலக்குடல் வழியா ஊசி விட்டுச் சதை எடுக்கிறது. மூணாவது நாள் குளிர் காய்ச்சல், கிருமி ரத்தத்துல கலந்துடுச்சு. ஒரு வாரம் ஐ.சி.யூ. மருமகளோட நகை அடமானம். கடைசியில பயாப்ஸி ரிசல்ட்: கேன்சர் இல்லை. வீட்டுக்கு வந்தார், ஆனா வேலைக்குப் போக முடியலை. ஒப்பந்த வேலை, அவர் இடத்துக்கு வேற ஆள் வந்தாச்சு. என்னை எங்கே பார்த்தாலும் கும்பிடுவார். அந்தக் கும்பிடு எனக்கு என்னவோ பண்ணும்.

இப்ப சொல்லுங்க, முகாம் போடலாமா வேண்டாமா? முதல் ஆளைப் பார்த்தா போடணும். ரெண்டாவது ஆளைப் பார்த்தா கூடாது. தனித்தனி ஆளை வெச்சு இதை முடிவு பண்ண முடியாது. ஆயிரம் பேரை நிறுத்தி வெச்சுப் பார்க்கணும்.

முதல்ல பி.எஸ்.ஏ.ன்னா என்ன? புராஸ்டேட்ங்கிறது மூத்திரப்பைக்குக் கீழே, நெல்லிக்காய் அளவு சுரப்பி. அது சுரக்கிற ஒரு புரதம் கொஞ்சம் ரத்தத்துல கசியும். அதை அளக்கிறதுதான் பி.எஸ்.ஏ. டெஸ்ட். கேன்சர் இருந்தா கூடும். ஆனா வயசானா சுரப்பி சும்மா வீங்குமே, அதுலயும் கூடும். மூத்திரத்துல கிருமி இருந்தா கூடும். சமீபத்துல மூத்திரக் குழாய் போட்டிருந்தாலும் கூடும். அளவு கூடி, பயாப்ஸி வரைக்கும் போறவங்கள்ல ஏறக்குறைய நாலு பேருக்கு மூணு பேருக்குக் கேன்சர் இருக்காது. அதாவது, இது கேன்சர் டெஸ்ட் இல்லை. புராஸ்டேட்டுக்கான டெஸ்ட்.

இதுல இன்னொரு சிக்கலும் இருக்கு. கேன்சர் இருந்தாலும், அது எந்தக் கேன்சர்னு பார்க்கணும். புராஸ்டேட் கேன்சர்ல பெரும்பாலானது ஆமை மாதிரி. வேற காரணத்தால இறந்துபோன எழுபது வயசுக்கு மேற்பட்ட ஆண்களோட சுரப்பியை வெட்டிப் பார்த்த ஆய்வுகள் பல நாட்டுல நடந்திருக்கு. அதுல கணிசமான பேருக்கு உள்ள கேன்சர் இருந்திருக்கு. வாழ்ந்த காலத்துல அவங்களுக்கே தெரியாது. அதைத் தேடிக் கண்டுபிடிச்சா என்ன நடக்கும்? நிம்மதியா இருந்த மனுஷன் அன்னையிலேருந்து கேன்சர் நோயாளி. ஆயுள் கூடலை, நோயாளியா வாழுற வருஷம்தான் கூடுது.

சரி, நன்மையே இல்லையா? இருக்கு. அதை மறைக்கக் கூடாது. ஐரோப்பாவுல எட்டு நாடுகள்ல, 55லேருந்து 69 வயசு வரை 1,62,000 ஆண்களை ரெண்டு குழுவாப் பிரிச்சு, ஒரு குழுவைத் திரும்பத் திரும்ப பி.எஸ்.ஏ. டெஸ்டுக்கு அழைச்சாங்க. 23 வருஷம் தொடர்ந்து பார்த்த கணக்கு 2025ல வெளிவந்தது. ஆயிரம் பேருக்குச் சொல்றேன். அழைக்கப்படாத ஆயிரம் பேர்ல புராஸ்டேட் கேன்சரால இறந்தது 16 பேர். அழைக்கப்பட்ட ஆயிரம் பேர்ல 14 பேர். ரெண்டு உயிர். அந்த ரெண்டு உயிருக்காக 27 பேருக்குக் கூடுதலா "உனக்குக் கேன்சர்"னு சொல்ல வேண்டி வந்தது.

ரெண்டு உயிர் சின்ன விஷயம் இல்லை. அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் நம்ம அப்பாவா இருந்தா அதுதான் உலகம். ஆனா கவனிங்க, அது திரும்பத் திரும்பப் பண்ணின டெஸ்ட். ஒரே ஒரு தடவை பண்ணினா? அதுக்கும் ஆய்வு இருக்கு. பிரிட்டன்ல நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்கள். ஒரு குழுவுக்கு ஒரே ஒரு பி.எஸ்.ஏ. டெஸ்டுக்கு அழைப்பு. அழைப்பு போனவங்கள்ல மூணுல ஒருத்தர்தான் டெஸ்ட் பண்ணிக்கிட்டார், அதையும் சொல்லணும். 15 வருஷம் கழிச்சு 2024ல வந்த கணக்கு: அழைக்காத குழுவுல நூத்துக்கு 0.78 பேர் இறந்திருந்தாங்க, அழைச்ச குழுவுல 0.69 பேர். ஆயிரத்துக்கு ஒருத்தர்கூட முழுசா வித்தியாசம் இல்லை. நம்ம முகாம்ங்கிறது இந்த ஒரே தடவை வகைதான். இந்த வருஷம் நினைவு நாளுக்கு வரும். அடுத்த வருஷம் சங்கத்துல வேற ஆள், வேற முகாம்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஐரோப்பாவுல இந்த நோய் அதிகம். நம்ம ஊர்ல அதைவிடப் பல மடங்கு குறைவு. நாம தேடாததால எண்ணிக்கை குறைவாத் தெரியுதுங்கிறதும் ஓரளவு உண்மை. ஆனா இறப்பும் அங்கேயைவிடக் குறைவுதான். அதனால ஆயிரம் பேருக்குக் கிடைக்கிற நன்மை இங்கே இன்னும் சின்னது. ஆனா கெடுதல் அதே விகிதத்துல குறையாது. வீங்கின புராஸ்டேட் நம்ம ஊர் ஆம்பளைக்கும் இருக்கு. பி.எஸ்.ஏ. அவருக்கும் கூடும். பயாப்ஸி ஊசி அவருக்கும் ஒண்ணுதான். மருந்துக்கு அடங்காத கிருமி இங்கே அதிகம்.

அப்புறம் சிகிச்சை. பி.எஸ்.ஏ. மூலமா ஆரம்பத்துலயே கண்டுபிடிச்ச 1,643 பேரை பிரிட்டன்ல மூணு வழியாப் பிரிச்சாங்க. ஆபரேஷன், கதிர்வீச்சு, அல்லது உடனே எதுவும் செய்யாம கண்காணிக்கிறது. 15 வருஷம் கழிச்சு, மூணு குழுவுலயும் நூத்துக்கு 97 பேர் அந்த நோயால சாகலை. ஆனா ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்கள்ல ஆறு வருஷம் கழிச்சும் ஆறுல ஒருத்தர் மூத்திரக் கசிவுக்குப் பேட் வெச்சுக்கிட்டு இருந்தார். தாம்பத்யத்துல வர்ற பாதிப்பு இன்னும் அதிகம்.

"அப்போ கண்காணிப்புதானே நல்லது, அதையே பண்ணலாமே"ன்னு கேட்பீங்க. பண்ணலாம். சில மாசத்துக்கு ஒரு தடவை பி.எஸ்.ஏ., அவ்வப்போது ஸ்கேன், தேவைப்பட்டா மறுபடி பயாப்ஸி. வருஷக்கணக்கா. லீவு போட்டா சம்பளம் இல்லாத வாட்ச்மேனுக்கு இதைச் சொல்லிப் பாருங்க. ரெண்டாவது தடவையே வரமாட்டார். இல்லைன்னா, "உள்ள கேன்சரை வெச்சுக்கிட்டு எப்படித் தூங்குறது, எடுத்துடுங்க"ன்னு நிலத்துல மிச்சமிருந்ததையும் வித்துட்டு ஆபரேஷனுக்குப் போவார்.

அமெரிக்காவுலயே இந்தக் குழப்பம் தீரலை. 1994லேருந்து அங்கே கேன்சரைக் கண்டுபிடிக்க பி.எஸ்.ஏ. அங்கீகரிக்கப்பட்ட டெஸ்ட். கோடிக்கணக்குல பண்ணினாங்க. 2012ல அவங்க அரசு ஆலோசனைக் குழு "வேண்டாம்"னு சொன்னது. 2018ல அதை மாத்தி, "55லேருந்து 69 வரை டாக்டரோட பேசி அவரவர் முடிவு பண்ணட்டும், எழுபதுக்கு மேல வேண்டாம்"னு சொன்னது. புராஸ்டேட் சார்ந்த புரதத்தை 1970ல முதல்ல கண்டவர்கள்ல ஒருத்தரான ரிச்சர்ட் ஆப்ளினே, ஆரோக்கியமான ஆண்கள் எல்லாருக்கும் இந்த டெஸ்ட் பண்றதைக் கடுமையா எதிர்த்து 2010ல நியூயார்க் டைம்ஸ்ல எழுதினார்.

இதையெல்லாம் அந்தத் தம்பிகிட்ட இவ்வளவு கோர்வையாச் சொல்லலை. பாதி சொன்னதும் அவர் போன்ல ஒரு நோட்டீஸைக் காட்டினார். "சார், அமெரிக்காவுல வருஷத்துக்கு மூணு லட்சம் பேருக்கு வருது, முப்பத்தஞ்சாயிரம் பேர்தான் சாகறாங்க. இந்தியாவுல முப்பத்தெட்டாயிரம் பேருக்கு வருது, பதினெட்டாயிரம் பேர் சாகறாங்க. இங்கே ரெண்டுல ஒருத்தர் போயிடறாங்க. டெஸ்ட் பண்ணாததாலதானே?"

நல்ல கேள்வி. எண்கள் கிட்டத்தட்ட சரிதான். ஆனா அதுல ரெண்டு விஷயம் கலந்திருக்கு. அமெரிக்காவுல அந்த மூணு லட்சத்துல ஏகப்பட்ட ஆமைகள் இருக்கு. அவங்களைச் சேர்த்துக்கிட்டா "பிழைச்சவங்க" சதவீதம் தானா ஏறிடும். இது ஒரு பாதி. இன்னொரு பாதி, நம்ம ஆளுங்க ரொம்ப லேட்டா வர்றாங்க. அது முழு உண்மை. அதுக்கு நான் தலைகுனிஞ்சுதான் ஆகணும்.

அப்பதான் அவர் கேட்டார். "எங்க அப்பாவுக்குப் பத்து வருஷம் முன்னாடி இந்த டெஸ்ட் பண்ணியிருந்தா பிழைச்சிருப்பாரா, சார்?"

கொஞ்ச நேரம் பேசாம இருந்தேன். அப்புறம் உண்மையைச் சொன்னேன். "பிழைச்சிருக்கலாம் தம்பி. இல்லாமலும் போயிருக்கலாம். எனக்குத் தெரியாது. ஆனா ஒண்ணு தெரியும். அவர் ஒரு வருஷமா ஒண்ணுக்குப் போக முடியாம கஷ்டப்பட்டார், யார்கிட்டயும் சொல்லலை. என்கிட்ட மூணு தடவை வந்தார், ரெண்டு தடவை நான் கேட்கலை. முதல் தடவையே கேட்டிருந்தா நோய் குணமாகியிருக்கும்னு சொல்ல மாட்டேன். ஆனா கால் விழுறதுக்கு முன்னாடி சிகிச்சை ஆரம்பிச்சிருக்கலாம். கடைசி வரைக்கும் நடந்திருப்பார்."

அவர் அழலை. "சரி சார், அப்ப அந்தப் பணத்துல என்ன பண்ணலாம்?"னு கேட்டார்.

இதுக்குப் பதில் சொல்ல நம்ம பக்கத்து உதாரணமே இருக்கு. திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையைச் சுத்தியிருக்கிற கிராமங்கள்ல, 2000ல ஆரம்பிச்சு, அடையாறு புற்றுநோய் நிலையமும் அங்கேயிருக்கிற கிறிஸ்தவ மருத்துவ மையமும் சர்வதேச நிறுவனத்தோட சேர்ந்து ஒரு ஆய்வு நடத்தினாங்க. 30லேருந்து 59 வயசுப் பெண்கள். கர்ப்பப்பை வாயில வினிகர் மாதிரியான திரவத்தைத் தடவி, பயிற்சி பெற்ற நர்ஸ் கண்ணாலயே பார்ப்பாங்க. சந்தேகம்னா உறைய வைக்கிற சிகிச்சை, முடிஞ்சா அன்னைக்கே. 2007ல வந்த முடிவு: அந்தப் புற்றுநோயால வர்ற இறப்பு 35 சதவீதம் குறைஞ்சது. திருவனந்தபுரத்துல புகையிலை, மது பழக்கம் உள்ளவங்க வாயைப் பயிற்சி பெற்ற ஊழியர்கள் பார்த்தாங்க. 2005ல வந்த கணக்குப்படி அவங்க நடுவுல வாய்ப் புற்றுநோய் இறப்பு மூணுல ஒரு பங்கு குறைஞ்சது.

வித்தியாசம் என்ன? அங்கே டெஸ்டும் சிகிச்சையும் பக்கத்துப் பக்கத்துல இருந்தது. சந்தேகம்னு சொன்னவங்களே அடுத்த படியையும் கூடவே வந்து செஞ்சாங்க. உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்சனும் யுங்னரும் 1968லயே எழுதி வெச்சது இதுதான்: கண்டுபிடிச்ச பிறகு சிகிச்சைக்கு வழி இல்லைன்னா தேடாதே. மத்திய அரசோட 2016 வழிகாட்டுதல்ல ஸ்கிரீனிங் பண்ணச் சொன்னது வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய், இந்த மூணுக்குத்தான். அதுல புராஸ்டேட் இல்லை. ஆண்களை மறந்துட்டாங்கன்னு அர்த்தம் இல்லை. கணக்கு இன்னும் அங்கே வரலை.

கடைசியில முகாம் நடந்தது. ஒரு ஞாயித்துக்கிழமை, பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்துல. ரத்தக் குழாய் ஒண்ணுகூட மேஜையில இல்லை. ஒரு மேஜையில டார்ச் லைட் வெச்சு வாயைப் பார்த்தோம். ஷிப்டுக்காகப் புகையிலையை அடக்கி வெச்சுப் பழகின பசங்க நிறைய. இன்னொரு மேஜையில பிரஷரும் சுகரும். மூணாவதா, ஒரு வகுப்பறைக்குத் திரை போட்டு, நான் தனியா உட்கார்ந்தேன். அம்பது வயசுக்கு மேற்பட்ட ஆம்பளைங்க ஒருத்தர் ஒருத்தரா வந்தாங்க. ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீங்க? முக்க வேண்டியிருக்கா? ரத்தம் போகுதா? இடுப்பு வலி படுத்தாலும் இருக்கா? யாருமே இதையெல்லாம் அவங்களைக் கேட்டதில்லை. சிலர் பத்து நிமிஷம் பேசினாங்க. பெரும்பாலும் சாதாரண வீக்கம்தான், மாத்திரையிலேயே சரியாகும். "கேட்டை விட்டு நகர முடியாதுன்னு தண்ணியே குடிக்கிறதில்ல சார்"னு ஒருத்தர் சொன்னார்.

லேபுக்குக் குடுக்க வெச்சிருந்த பணத்தை அப்படியே எடுத்து வெச்சோம். தொந்தரவு இருக்கிறவங்களுக்குப் பரிசோதனை, காஞ்சிபுரம் காரப்பேட்டையில இருக்கிற அரசு அண்ணா புற்றுநோய் மருத்துவமனைக்குப் போய்வர வண்டி, அன்னைக்குப் போற கூலிக்கு ஈடு. கவர் குடுத்து அனுப்பாம, கூடப் போறதுக்கு சங்கத்துப் பசங்க ரெண்டு பேர்.

கேட்கிறவங்களுக்குச் சுருக்கமாச் சொல்லிடறேன். மூத்திரத்துல ரத்தம், அடைப்பு, விடாத எலும்பு வலி இருந்தா உடனே காட்டுங்க. அது ஸ்கிரீனிங் இல்லை, சிகிச்சை. அதைத் தள்ளிப்போடாதீங்க. எந்தத் தொந்தரவும் இல்லாத, 55லேருந்து 69 வயசுக்காரர் பி.எஸ்.ஏ. வேணும்னா, அடுத்த படி என்ன, அதுக்குப் போகத் தயாரான்னு டாக்டரோட உட்கார்ந்து பேசிட்டுப் பண்ணுங்க. எழுபதுக்கு மேல, தொந்தரவு இல்லைன்னா, வேண்டாம். முப்பத்தஞ்சு வயசுப் பையனுக்கு ஹெல்த் செக்கப் பேக்கேஜ்ல சேர்த்திருக்காங்கன்னா, அதை வேண்டாம்னு சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இருந்திருந்தா மட்டும் கணக்கு மாறும். உங்களுக்கு ஆபத்து கூடுதல். நாப்பத்தஞ்சு வயசுலயே பேச்சை ஆரம்பிங்க.

அந்தத் தம்பிக்கு வயசு நாப்பத்தாறு. முகாமுக்கு அலைஞ்ச அத்தனை நாள்ல, அந்த டெஸ்டைப் பத்தி முதல்ல யோசிக்க வேண்டியது தான்தான்னு அவருக்குத் தோணவே இல்லை. பாத்திரம், நாற்காலி எல்லாம் ஏத்தி அனுப்பின பிறகு அதைச் சொன்னேன். உடனே கையை நீட்டினார், "எடுங்க சார்"னு. "இப்ப வேண்டாம். வீட்ல பேசிட்டு வாங்க"ன்னேன். பத்து நாள் கழிச்சு மனைவியோட வந்தார். முக்கால் மணி நேரம் பேசினோம். அந்தம்மாதான் அதிகம் கேள்வி கேட்டாங்க. அப்புறம் ரத்தம் எடுத்தோம்.

ரிசல்ட் என்னன்னு கேட்காதீங்க. அது அவங்க வீட்டு விஷயம்.

உங்க வீட்டுப் பெரியவர் ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறார்னு இன்னைக்கு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. அடுத்த எபிசோடுல சந்திக்கலாம்.